பழைய சாம்ப்ளரும் பத்து மில்லிசெகண்டும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வேற வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும். அவ்வளவு பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போய்ட்டு பின்னூட்டத்துல கும்மலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

விஷயம் இதுதான். பழைய ஹார்ட்வேர் சாம்ப்ளர்களைச் சுத்தி ஒரு பக்தி மார்க்கமே உருவாகியிருக்கு. 'அந்த மெஷின்ல அடிச்சாதான்பா அந்த ஃபீல் வரும்', 'கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ணாலும் உயிர் இல்ல', 'எண்பதுகள்ல வந்த சிப்புல ஏதோ மேஜிக் இருக்கு'ன்னு ஆளாளுக்கு ஒரு ஸ்தல புராணம் சொல்றாங்க. இதைக் கேட்டுட்டு, இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்து கையில நாலு காசு பாக்கிற பசங்க, ஈ.எம்.ஐ. போட்டு வெளிநாட்டுலேர்ந்து முப்பது வருஷப் பழைய டப்பாவை வரவழைக்கிறாங்க. காசு இல்லாத பசங்க 'அந்த மெஷின் இல்லாததாலதான் நமக்கு நல்லா வரலை'ன்னு முடிவு பண்ணி ஒதுங்கிடறாங்க. எனக்கு வயித்தெரிச்சல் இந்த ரெண்டாவது கோஷ்டியை நினைச்சுதான்.

என் கட்சி என்னன்னா, அந்த ஃபீல் எடிட் பண்ற பக்கத்துல இருக்கு. மொத்தமே அஞ்சு எண்கள். சத்தம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, என்ன சுருதி, எவ்வளவு நேரத்துல தேயுது, தாளத்துல எத்தனை டிக் தள்ளி விழுது. இந்த அஞ்சையும் காதால கேட்டுத் திருத்தினவன் கையில எந்த டப்பா இருந்தாலும் பேசும். திருத்தாதவன் கையில மியூசியம் பீஸே இருந்தாலும் அது ஊமைதான்.

சாம்ப்ளர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சாதாரண கீபோர்டு வாங்கினா உள்ள பியானோ, வயலின்னு கம்பெனிக்காரன் வெச்ச சத்தங்கள் இருக்கும். சாம்ப்ளர் அப்படி இல்ல, அது காலி டப்பா. நீங்களா ஒரு சத்தத்தை உள்ள ரெக்கார்ட் பண்ணனும். குக்கர் விசில், கதவு சாத்தற சத்தம், பழைய ரெக்கார்டுல இருக்கிற ரெண்டு செகண்ட் டிரம்ஸ், எதுவா இருந்தாலும் சரி. அதை வெட்டி, சுருதி மாத்தி, ஒரு பட்டன்லயோ கட்டையிலயோ ஏத்தி வாசிக்கலாம்.

1979ல ஆஸ்திரேலியாவோட ஃபேர்லைட், 1981ல அமெரிக்காவோட ஈ-மு எமுலேட்டர்னு ஆரம்பிச்ச வம்சம் இது. அதுல நம்ம கதைக்கு வேண்டியவங்க ரெண்டு பேர். 1987ல வந்த ஈ-மு எஸ்.பி.1200, 1988ல ரோஜர் லின் வடிவமைச்சு அகாய் கம்பெனி வெளியிட்ட எம்.பி.சி.60. அமெரிக்க ஹிப் ஹாப் இசையோட பொற்காலத்துல பாதிக்கு மேல இந்த ரெண்டு பெட்டியோட குடும்பத்துலதான் பிறந்ததுன்னு சொன்னா பெரிய சண்டை வராது.

என்கிட்ட இருக்கிறது அதே எம்.பி.சி. வம்சத்துல பின்னாடி வந்த 2000 எக்ஸ்.எல். செகண்ட் ஹேண்ட். பதினாறு ரப்பர் பேடு, ஒரு சக்கரம், டிபன் பாக்ஸ் மூடி சைஸ்ல கூட இல்லாத ஒரு ஸ்கிரீன், ஃப்ளாப்பி டிரைவ். ஆமா, ஃப்ளாப்பியேதான். காலேஜ் லேபோட விட்டுப்போன உறவுன்னு நினைச்சேன், திரும்ப வந்து ஒட்டிக்கிச்சு.

ஸ்விங்குங்கிற ராணுவ ரகசியம்

பக்தர்கள் முதல்ல எடுக்கிற அஸ்திரம் 'எம்.பி.சி. ஸ்விங்'. அந்தத் துள்ளல் வேற எதுலயும் வராதுன்னு சத்தியம் பண்ணுவாங்க. சரி, பெட்டியைத் திறந்து பாப்போம்.

எம்.பி.சி. ஒரு தாள எண்ணிக்கையை, அதாவது நாம கால் தட்டற ஒரு தட்டை, 96 டிக்கா பிரிக்குது. அந்தத் தட்டுக்குள்ள 'தகதிமி'ன்னு நாலு சொல் வெச்சா, ஒவ்வொரு சொல்லுக்கும் 24 டிக். ரெண்டு ரெண்டு சொல்லா ஜோடி சேர்த்தா, ஒரு ஜோடிக்கு 48 டிக். ஸ்விங் 50 சதவீதம்னா ரெண்டாவது சொல் சரியா நடுவுல, 24ஆவது டிக்ல விழும். 54னு வெச்சா 26ஆவது டிக்ல. 58க்கு 28, 62க்கு 30, 66க்கு 32. உச்சபட்சம் 75, அதுக்கு 36. அம்புட்டுதான். ஜோடியில ரெண்டாவதா வர்றதை நாலு டிக்கோ ஆறு டிக்கோ தள்ளி விடறாங்க. கோடு எழுதினா ரெண்டு வரி.

நம்ம பாஷையில சொன்னா, 50 சுத்தமான சதுஸ்ரம். 66 வந்தா ஜோடி மூணா பிரிஞ்சு ரெண்டு பங்கு, ஒரு பங்குன்னு ஆகிடும், அதாவது திஸ்ரம். 54, 58, 62 எல்லாம் இந்த ரெண்டு நடைக்கும் நடுவுல இருக்கிற சந்து. சதுஸ்ரத்துல ஆரம்பிச்சு திஸ்ரத்துக்குப் போகாம நடுவழியில நிக்கிற அந்த இடம்தான் துள்ளுது.

இது ரகசியமும் கிடையாது. ரோஜர் லின்னே பேட்டிகள்ல ஸ்விங்குங்கிறது இப்படி ரெண்டாவது நோட்டைத் தள்றதுதான்னு விளக்கமா சொல்லியிருக்கார். 1980ல அவர் கொண்டுவந்த எல்.எம்.1 டிரம் மெஷின்லயே இது இருந்தது. சாமியே நேர்ல வந்து 'நான் சாதாரண ஆள்தாம்பா'ன்னு சொன்னாலும் பக்தர்கள் விடறதா இல்ல.

இப்ப ஒரு கணக்கு. பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு 90 தட்டு. ஒரு தட்டு 667 மில்லிசெகண்ட். அதை 96ஆல வகுத்தா ஒரு டிக் ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். ஸ்விங் 54னா ரெண்டு டிக், 14 மில்லிசெகண்ட் தாமதம். 62னா ஆறு டிக், 42 மில்லிசெகண்ட் தாமதம். இந்த எண்களை ஞாபகம் வெச்சுக்கங்க. அடுத்த பகுதியில இதுக்கு வேலை இருக்கு.

சத்தம் எங்க ஆரம்பிக்குது?

நீங்க ஒரு டிரம் அடியை ரெக்கார்ட் பண்றீங்க. ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டுதான் அடிப்பீங்க, இல்லையா? அதனால சாம்பிளோட முன்னாடி கொஞ்சம் மௌனம் இருக்கும். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தா, சத்தம் காத்துல நடந்து வர்றதுக்கே 3 மில்லிசெகண்ட் ஆகும். வெட்டும்போது இன்னும் கொஞ்சம் மௌனத்தை அசால்ட்டா விட்டுட்டா மொத்தம் 10 மில்லிசெகண்ட் வந்துடும்.

10 மில்லிசெகண்ட் ஒரு மேட்டரான்னு கேக்கலாம். நாம பாத்த கணக்குப்படி அது கிட்டத்தட்ட ஒன்றரை டிக். ஸ்விங்கை 50லேர்ந்து 54க்கு மாத்தினா கிடைக்கிற வித்தியாசத்துல முக்கால்வாசி. ஒரு பேடுல இருக்கிற சத்தத்துக்கு முன்னாடி 10 மில்லிசெகண்ட் மௌனம், பக்கத்துப் பேடுல மௌனமே இல்லைன்னா, ரெண்டையும் நீங்க ஒரே நேரத்துல அடிச்சாலும் ஒண்ணு பின்தங்கித்தான் கேக்கும். தாளத்தையே ஸ்டார்ட் பாயின்ட் மாத்திடுது!

அதனாலதான் டிரிம் பக்கத்துல உக்காருங்கன்னு கத்தறேன். என் மெஷின்ல அந்தப் பக்கம் ரொம்ப எளிமை. அலை வடிவம் ஒண்ணு சின்னதா தெரியும், மேல ஆரம்பத்துக்கு ஒரு எண், முடிவுக்கு ஒரு எண். செகண்டுக்கு 44,100 சாம்பிள், அப்ப 10 மில்லிசெகண்ட்னா 441. சக்கரத்தைத் திருப்பத் திருப்ப எண் ஓடும். திருப்பு, பேடை அடி, கேளு. மறுபடி திருப்பு, அடி, கேளு. பக்கத்துல யாராவது இருந்தா பைத்தியம்னு நினைப்பாங்க. என் ரூம்மேட் நினைச்சான்.

எல்லா நேரமும் மௌனத்தைச் சுத்தமா வழிச்சு எடுக்கணும்னு அர்த்தம் இல்ல. கை தட்டற சத்தத்துக்கு முன்னாடி கொஞ்சம் விட்டா அது சோம்பலா, சுகமா பின்னால சாயும். ஹை-ஹாட்டுக்கு விட்டா பாட்டே தூங்கிடும். எவ்வளவு விடறதுங்கிற முடிவை எடுக்கிறவன்தான் இசைக்காரன். முடிவே எடுக்காம 'மெஷின் ஃபீல்'னு சொல்றவன் வெறும் வாடிக்கையாளர்.

லூப் போடறவங்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். 90 வேகத்துல நாலு தட்டு கொண்ட ஒரு பார் 2.667 செகண்ட், அதாவது சரியா 117,600 சாம்பிள். அதுக்கு 441 கூடுதலா வெச்சுட்டு தானா சுத்த விட்டா, ஒவ்வொரு சுத்துக்கும் 10 மில்லிசெகண்ட் பின்தங்கும். பதினாறு பார்ல 160 மில்லிசெகண்ட். 'தகதிமி'யில ஒரு சொல்லோட நீளமே 167தான்! கிட்டத்தட்ட ஒரு சொல் முழுசா வழுக்கிடும். அப்புறம் வெட்டற இடத்துல அலை பூஜ்யத்தைக் கடக்கிற புள்ளியைப் பாத்து வெட்டணும், இல்லைன்னா ஒவ்வொரு சுத்துலயும் 'டிக்'னு ஒரு சொடக்கு கேக்கும். எந்த மெஷினா இருந்தாலும் இந்த விதி ஒண்ணுதான். எட்டாயிரம் ரூபா போன்ல ஓடற இலவச ஆப்புக்கும் இதேதான்.

'ஆனா அந்த சத்தத்தோட நிறம்?'

இங்க எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயமான வாதம் இருக்கு, மறைக்க மாட்டேன். எஸ்.பி.1200க்குன்னு ஒரு நிறம் உண்டு. 12 பிட், செகண்டுக்கு 26,040 சாம்பிள். 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதை அதால ஒழுங்கா சுமக்கவே முடியாது. சில அவுட்புட்கள்ல மட்டும் அனலாக் ஃபில்டர், சிலதுல எதுவுமே இல்ல. எல்லாம் சேர்ந்து ஒரு கரகரப்பு வரும். அது உண்மை.

ஆனா அந்தப் புகழ்பெற்ற கரகரப்பு எப்படிப் பிறந்ததுன்னு பாருங்க. அந்த மெஷின்ல மொத்த நினைவகமே 10 செகண்ட். ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 செகண்ட். பசங்க என்ன பண்ணாங்க? 33 வேகத்துல ஓட வேண்டிய இசைத்தட்டை 45ல ஓட்டி ரெக்கார்ட் பண்ணாங்க. வேகம் 1.35 மடங்கு, அதனால 2.5 செகண்ட் இடத்துல 3.4 செகண்ட் இசை அடங்கிடும். சுருதி அஞ்சு அரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேல ஏறியிருக்கும். உள்ள வந்தப்புறம் மெஷினோட ட்யூனிங்ல அதே அளவு இறக்கிடுவாங்க.

அந்த மெஷின் சுருதி இறக்கறதும் நாசூக்கா எதுவும் பண்ணாது. சாம்பிள்களை அப்படியே ரெண்டு தரம் படிச்சு நீட்டும், நடுவுல இழைக்காது. அதனால உலோகம் உரசற மாதிரி ஒரு ஓசை கூடவே சேர்ந்துக்கும். நாம 'ஆஹா எஸ்.பி. சவுண்டு'ன்னு உருகறதுல பெரும்பங்கு இதுதான். ஒருத்தன் இடம் பத்தாம உக்காந்து யோசிச்சு, ஏத்தி, இறக்கி, எடிட் பண்ணதுல வந்த நிறம். அதே பெட்டியில சாதா வேகத்துல ஏத்தி, ட்யூன் பண்ணாம வாசிச்சுப் பாருங்க, பாதி மேஜிக் காணாமப் போயிடும்.

2021ல ஈ-மு நிறுவனர்கள்ல ஒருத்தரான டேவ் ராஸம் இந்த எஸ்.பி.1200ஐ மறுபடியும் செஞ்சு வெளியிட்டார். அப்ப விலை கிட்டத்தட்ட 4,000 டாலர். நம்ம காசுல மூணு லட்சத்துக்கு மேல, சுங்க வரி தனி. காசு இருக்கிறவங்க வாங்கட்டும், அருமையான பொருள். ஆனா எடிட் பண்ணத் தெரியாம அதை வாங்கறது, இண்டெக்ஸ் போடாத டேபிளுக்குப் புது சர்வர் வாங்கற கதைதான். ஐ.டி. மக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். நம்ம ஆபீஸ்லயே வாராவாரம் நடக்கிற கூத்துதானே!

டில்லா கதை

இந்த விவாதம் வந்தா டெட்ராய்ட்டுக்காரர் ஜே டில்லா பேர் வராம இருக்காது. 2006ல, 32 வயசுல போய்ச் சேர்ந்துட்டார். அவர் வாசிச்ச எம்.பி.சி. 3000, வாஷிங்டன்ல 2016ல திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, கலாசார தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. அவரோட டிரம்ஸ் ஒரு மாதிரி தள்ளாடும். குடிச்சுட்டு நடக்கிறவன் கீழ விழாம நடக்கிற மாதிரி. இதுக்கு ஊர் சொல்ற விளக்கம், 'அவர் குவான்டைஸை ஆஃப் பண்ணிட்டு கையாலயே அடிச்சார், அது கடவுள் கொடுத்த வரம்'.

2022ல டேன் சார்னஸ் எழுதின 'டில்லா டைம்' புத்தகம் இந்த விளக்கத்தைக் கழட்டிப் போட்டுருச்சு. அவர் சொல்றது, அது கண்டபடி அடிச்சது இல்ல. ஒரு வாத்தியம் நேர் நடையில போகும், இன்னொண்ணு ஸ்விங்ல போகும், ஒண்ணை மெஷினோட டைமிங் வசதியை வெச்சே முன்னாடியோ பின்னாடியோ நகர்த்தியிருப்பார். ரெண்டு காலக்கணக்கு ஒண்ணோட ஒண்ணு உரசற மாதிரி தெரிஞ்சே அடுக்கினது.

எனக்கு இதைப் படிச்சப்ப சந்தோஷமா இருந்தது. வரம்னு சொல்றது பாராட்டு மாதிரி தெரியும், ஆனா அது உழைப்பைக் கொள்ளையடிக்கிற வேலை. ஒரு கறுப்பின இளைஞன் மணிக்கணக்கா உக்காந்து எண்களைத் திருப்பி, கேட்டு, மறுபடி திருப்பிக் கட்டின ஒரு முறையை 'தானா வந்தது'ன்னு சொல்லிட்டா, அதைக் கத்துக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லாம போயிடுது. மெஷின் மேஜிக்னு சொல்றதும் இதே ரகம்தான். அவன் உழைப்பை எடுத்து பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கொடுத்துடறோம். அவர் ஷிஃப்ட் பண்ண அந்த வசதி என் 2000 எக்ஸ்.எல்.லயும் இருக்கு. டைமிங் கரெக்ட் ஜன்னலைத் திறந்தா, முன்னாடியா பின்னாடியா, எத்தனை டிக்னு கேக்கும். அதைத் தொடாமலே இந்த மெஷினை வருஷக்கணக்கா வெச்சிருக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

பறையை வெட்டிப் பாத்தப்ப

சரி, நம்மூருக்கு வருவோம். இணையத்துல கிடைக்கிற சாம்பிள் பேக்குகள்ல 'எத்னிக்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, அதுல தேடினா சில சமயம் பறையும் அகப்படும். ஒரே ஒரு அடி. அதை வரிசையா அடிச்சா டைப்ரைட்டர் மாதிரி 'டட் டட் டட் டட்'. அதைக் கேட்டுட்டு 'நம்ம வாத்தியம் எல்லாம் சாம்ப்ளருக்குச் சரிப்படாது'ன்னு சொல்றவங்களும் உண்டு. கோவம் கோவமா வரும்.

போன வருஷம் ஊருக்குப் போனப்ப, பறையாட்டக் குழுவுல இருக்கிற ஒரு அண்ணன்கிட்ட பேசி, அவரோட ஒரு நாள் கூலியைக் கொடுத்து, தனித்தனி அடியா ரெக்கார்ட் பண்ணேன். 'என்ன தம்பி, அடவு வேண்டாமா, ஒத்தை ஒத்தை அடிதானா?'ன்னு அவருக்கு ஒரே ஆச்சரியம். அடிக்குச்சியில மெல்ல, நடுத்தரமா, ஓங்கி. சிண்டுக்குச்சியில அதே மாதிரி. தோலை அமுக்கிட்டு ஒரு அடி, அதிர விட்டு ஒரு அடி.

எடிட் பண்ண உக்காந்தப்பதான் விஷயமே. பறையைத் தீயில காட்டி சூடேத்திட்டுதான் வாசிப்பாங்க. தோல் இறுகி சுருதி ஏறும். ஆற ஆற இறங்கும். முதல்ல எடுத்த அடிக்கும் அரை மணி கழிச்சு எடுத்த அடிக்கும் நடுவுல அரைக் கட்டைக்குக் கிட்ட வித்தியாசம்! மறுபடியும் சூடேத்தினதும் திரும்ப மேல. அப்படியே பேடுல ஏத்தினா ஒவ்வொரு அடியும் வேற வேற பறை மாதிரி கேக்கும். ஒவ்வொரு சாம்பிளையும் கேட்டு, ட்யூனிங்கை ஏத்தி இறக்கி, ஒரே சூட்டுல இருக்கிற பறையா ஆக்கணும். இதை எந்த மெஷினும் தானா பண்ணாது. அது சூடான பறை எப்படி இருக்கும்னு தெரிஞ்ச காது பண்ற வேலை.

அடுத்து, மெஷின்ல ஒரு பேடுக்கு மூணு சத்தம் வரைக்கும் கட்டி, எவ்வளவு அழுத்தி அடிக்கிறோமோ அதைப் பொறுத்து மாத்திக்கிற வசதி இருக்கு. மெல்ல அடிச்சா மெல்லின அடி, ஓங்கினா வல்லின அடி. சத்தத்தைக் கூட்டறது மட்டும் இல்ல இது. ஓங்கி அடிக்கும்போது தோல் பேசறதே வேற. அப்புறம் மியூட் அசைன். அமுக்கின அடி விழுந்ததும், அதிர்ந்துக்கிட்டு இருக்கிற முந்தின அடி நிக்கணும். நிஜத்துல ஒரே தோல்தானே! ரெண்டும் சேர்ந்து கேட்டா அங்கயே பொய் வெளுத்துடும்.

கடைசியா டிகே, அதாவது அதிர்வு எவ்வளவு நேரத்துல தேயணும்ங்கிறது. திறந்தவெளியில பறை அதிர்றது அழகு. பாட்டுக்குள்ள அதோட கீழ ஒரு பேஸ் கிட்டார் இருந்தா, ரெண்டும் இடிச்சுக்கும். கொஞ்சம் முன்னாடியே தேய விட்டா ரெண்டுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இவ்வளவும் முடிய ரெண்டு வார இறுதி ஆச்சு. முடிச்சுட்டு அண்ணனுக்குப் போன்ல அனுப்பினேன். 'நம்ம பறை மாதிரிதான் இருக்கு, ஆனா ஆட்டம் இல்லாம ஒரு மாதிரியா இருக்கு தம்பி'ன்னார். நியாயமான விமரிசனம். ஆனா அவர் சொன்ன முதல் பாதி எனக்குப் போதும். அந்த எத்னிக் ஃபோல்டருக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் மெஷின் விலையில இல்ல, அந்த ரெண்டு வார இறுதியில இருக்கு.

அப்ப ஹார்ட்வேர் எதுக்கு?

'இவ்வளவு பேசறியே, நீ ஏன் அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறே?'ன்னு கேப்பீங்க. கேக்கணும்.

அது ரெண்டு பழக்கத்தை எனக்கு வலுக்கட்டாயமா பழக்கிச்சு. முதல் பழக்கம், கேக்கறது. கம்ப்யூட்டர் திரையில கலர் கலரா அலை, கட்டம், கோடு. கண்ணு முந்திக்கும். கட்டத்துல சரியா உக்காந்திருக்கா, அப்ப சரின்னு தோணும். தானா வெட்டித் தர்ற வசதியும் இருக்கு. ஆனா அது சத்தம் ஒரு அளவைத் தாண்டற இடத்தைத்தான் தேடும். சிண்டுக்குச்சி மெல்ல ஒரு தட்டு தட்டிட்டு அடிக்குச்சி விழுந்தா, அந்த முதல் தட்டைக் கோட்டை விட்டுடும். என் மெஷின் திரையில ஒண்ணும் பெருசா தெரியாது. கேட்டே ஆகணும்.

ரெண்டாவது, முடிவெடுக்கறது. வாசிச்ச தாளத்துக்கு அதுல அன்டூ பட்டன் உண்டு. ஆனா டிரிம் பண்ணிட்டு 'டிஸ்கார்ட்' கொடுத்தா, வெட்டினது வெட்டினதுதான். அடிப்படை நினைவகம் 2 எம்.பி.தான். இருபது செகண்ட் சொச்சம் ஒற்றைச் சேனல் சத்தம் அடங்கும். அது முழுசா ரொம்பினா ஒரு ஃப்ளாப்பியில கூட அடங்காது. அதனால எதை வெச்சுக்கறது, எதை எறியறதுன்னு அப்பவே தீர்மானம் பண்ணணும்.

ஆனா கவனிங்க, இந்த ரெண்டு பழக்கத்துக்கும் டப்பா அவசியம் இல்ல. கம்ப்யூட்டர்ல மானிட்டரை அணைச்சுட்டு கேளுங்க. இன்னிக்கு வெட்டினதை வேற ஃபைலா சேமிச்சு, பழசை அழிச்சுடுங்க. நயா பைசா செலவு இல்ல.

'அப்ப அவ்வளவு பெரிய ஆளுங்க எல்லாம் ஏன் அந்த மெஷினைக் கொண்டாடறாங்க?'ன்னா, அவங்க அந்த மெஷினோட வருஷக்கணக்கா குடும்பம் நடத்தினவங்க. அதோட ஒவ்வொரு பக்கமும் விரல்லயே இருக்கு. அவங்க கொண்டாடறது அந்த உறவை. அதைக் காசு கொடுத்து கூரியர்ல வாங்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

ஆர்வம் இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். கையில இருக்கிற போன்லயே ஒரு சத்தம் பிடிங்க. டேபிளைத் தட்டுங்க, எவர்சில்வர் டம்ளரைத் தட்டுங்க. ஏதாவது ஒரு இலவச மென்பொருள்ல ஏத்துங்க. ஆரம்பப் புள்ளியை மட்டும் மாத்தி மாத்தி நாலு பிரதி எடுங்க, அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது மில்லிசெகண்ட் மௌனத்தோட. ஒரே தாளத்துல நாலையும் போட்டுக் கேளுங்க. நாலும் நாலு விதமா நடக்கும். வித்தியாசம் கேட்டுச்சுன்னா, உங்களுக்கு எந்த மெஷினும் வேணும்னு இல்ல. கேக்கலைன்னா இன்னொரு நாள் கேளுங்க, காது பழகும். அதுவரைக்கும் கிரெடிட் கார்டை பீரோவுல வெச்சுப் பூட்டுங்க.

மத்த எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல பறை, தவில், உறுமி, பம்பை, உடுக்கைன்னு வாசிக்கிறவங்க யாராவது தெரிஞ்சா, கூலி கொடுத்து, சம்மதம் கேட்டு, தனித்தனி அடியா பதிஞ்சு வைங்க. பேர் போட்டு வைங்க. சூடேத்தினப்புறம் எத்தனை நிமிஷம்னு கூட எழுதி வைங்க, எடிட் பண்றவன் உங்களைக் கும்பிடுவான். இந்த வாத்தியங்களை எத்னிக்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு ஒத்தை அடியா அடக்கினவங்ககிட்ட மெஷின் இல்லாம இல்ல. அதோட சத்தம் எப்படி இருக்கணும்னு தெரிஞ்ச காது இல்ல. அந்தக் காது நம்மகிட்ட இருக்கு.

டிஸ்கி 1: உறுமி யாராவது தனி அடியா பதிஞ்சு வெச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்தத் தேய்க்கிற சத்தத்தை எங்க வெட்டறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்.

டிஸ்கி 2: 'அப்ப உன் 2000 எக்ஸ்.எல்.ல எனக்கு வித்துடு'ன்னு கேக்க நினைக்கிறவங்களுக்கு, நல்லா இருங்க. விக்கிறதா இல்ல :-)